கையெழுத்துப் போட ஆள் கிடையாது

அன்றைக்கு மாடிப்படியில் நாங்கள் பதினேழு பேர் இருந்தோம். மேல்படியில் சன்னாசி அண்ணன். அவருக்கு இரண்டு படி கீழே வினோத், ஒரு காதில் மட்டும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு. மற்றவர்கள் சுவரோரமாக இரண்டிரண்டு பேராக. கடைசிப் படியில், தெருவைப் பார்த்தபடி நான்.

முருகையன் மாமா வரவில்லை. கீழப்பழுவூர்ப் பக்கம் தன் வீட்டில், வெறும் தரையில் பாய் போட்டு, முழங்காலுக்கு அடியில் தலையணையை மடித்து வைத்து மல்லாந்து படுத்திருந்தார். அவருக்காகத்தான் நாங்கள் பஸ் ஏறி வந்திருந்தோம்.

இன்னும் ஐந்து பேரும் அங்கே இல்லை. எங்கள் குடோனைக் கூட்டி, சிந்திய சிமெண்டை அள்ளி, கிழிந்த மூட்டைகளைத் தைக்கிற பெண்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடலாமா வேண்டாமா என்று ஒரு பேச்சு எழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழவே இல்லை.

இடம் பெரம்பலூர். தொழிலாளர் அதிகாரியின் ஆபீஸ் மாடியில், கீழே உரக்கடை. உரமும் பூச்சிமருந்தும் கலந்த வாடை படி முழுக்க ஏறி வந்தது. எதிரில் சின்ன வெங்காயம் ஏற்றிய மினி லாரி ஒன்று வெயிலில் நின்றது.

ஆபீஸ் உதவியாளர் வெளியே எட்டிப் பார்த்தார். "சிமெண்ட் குடோன் ஆளுங்களா? யாருய்யா தலைவர்?"

"தலைவர் இல்லீங்க."

"செயலாளர்?"

"அப்படி யாரும் இல்லீங்க."

"எந்தச் சங்கம்?"

"சங்கமும் இல்லீங்க."

"அப்ப உள்ள யாரத்தான் அனுப்பறது? நாலு நாற்காலிதான் கெடக்கு."

சன்னாசி அண்ணன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "இன்னிக்கு என் முறைங்க."

சூடான மூட்டை

அந்த 'முறை' என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் ரோட்டில், ஊர் முடிந்து கருவேலங்காடு ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் குடோன். ஆலையிலிருந்து வரும் சிமெண்டை இறக்கி, வெளியூர் லாரிகளில் ஏற்றுவது வேலை. ஒரு மூட்டை ஐம்பது கிலோ. ஆலையிலிருந்து நேராக வந்தது என்றால் உள்ளே இன்னும் சூடு இருக்கும். பிடரியில் வைத்ததும் இட்லிப் பானையின் மூடியைக் கவிழ்த்தது போல ஒரு சுரீர். நாலைந்து நடைக்குப் பிறகு அந்தச் சூடு பழகிவிடும். தூசி பழகாது. வியர்வை பட்ட இடத்திலெல்லாம் சிமெண்ட் இறுகிக்கொள்ளும். சாயங்காலம் புருவத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்துத்தான் விரல் விட்டுப் பிரிக்க வேண்டும்.

பட்டப்படிப்பு முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் பெயர் அங்கே 'டிகிரி'. "டிகிரி, தார்ப்பாய எடு", "டிகிரி, வழிய விடு." வீட்டில் முதல் ஆளாகப் படித்தவனுக்குக் கிடைத்த பட்டம் அப்படித்தான் புழங்கியது.

பக்கத்துக் குடோன்களில் எல்லாம் மேஸ்திரி உண்டு. கூலியை அவர் வாங்குவார், தன் பங்கை முதலில் எடுப்பார், மிச்சத்தைத் தன் மனசுப்படி பிரிப்பார். எங்களிடம் மேஸ்திரி கிடையாது. அன்றன்றைக்கு ஏற்றியதற்கான மொத்தக் கூலியை சூப்பர்வைசர் பாலுவிடம் ஒருவர் போய் வாங்கி வருவார். அந்த ஒருவர் தினமும் மாறுவார். லாரி மேல் நின்று அடுக்குகிற ஆள் எப்படிச் சுற்றில் மாறுவாரோ, அதே வரிசையில் இதுவும் மாறும். இதுதான் முறை.

வாங்கி வந்த பணம் சமமாகப் பிரியும். அதிகம் தூக்கினவர், குறைவாகத் தூக்கினவர் என்று கிடையாது. ஊர்த்தெருக்காரர், காலனித்தெருக்காரர் என்று கிடையாது. வேலையில் அடிபட்டுப் படுத்துவிட்டவருக்கும் எழுந்து வரும்வரை முழுப் பங்கு உண்டு.

யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எனக்குத் தெரிந்து யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

முருகையன் மாமா மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் ஏற்றுப்பலகையில் வழுக்கினார். மூட்டையை விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். கீழே ஆள் நின்றதால் விடவில்லை. முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் படுக்கைதான். பதினெட்டில் ஒரு பங்கு தினமும் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூத்த பெண் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மாமி களையெடுக்கப் போகிற நாட்களைத் தவிர அந்தப் பங்கில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

அப்போதுதான் குடோனை நடத்துகிற காண்ட்ராக்டர் ஆளுக்கொரு அட்டை கொண்டுவந்தார். மூட்டையோடு வாசலைத் தாண்டும்போது அட்டையை மெஷினில் காட்ட வேண்டும். எத்தனை நடை என்று அது எண்ணும். அவரவர் எண்ணிக்கைக்கு அவரவர் பேங்க் கணக்கில் பணம்.

"இனிமே யாரும் யாருக்கும் தண்டம் அழ வேணாம்" என்றார் பாலு. "ஒழச்சவனுக்கு ஒழச்ச காசு."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் உறைத்தது. முருகையன் மாமாவின் அட்டையில் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம்.

வினோத் கேட்டது

எல்லோரும் உடனே கொதித்து எழுந்தோம் என்று எழுதினால் பொய். டீக்கடைப் பெஞ்சில் சண்டையே வந்தது.

வினோத் எங்களில் பலசாலி. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனில் பேசியபடியே நடப்பான். அவன் நேராக என்னைப் பார்த்துக் கேட்டான்.

"டிகிரி, நீ ரெண்டு நட போறதுக்குள்ள நான் மூணு நட போறேன். எனக்கும் உனக்கும் ஏன்டா ஒரே பங்கு?"

"உனக்கும் எனக்கும் ஒரே பசிதானே?"

"நான் உன்னவிட நாலு பரோட்டா கூடத் திம்பேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

சன்னாசி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மீன்சுருட்டிப் பக்கத்துக்காரர். பேசுவது அபூர்வம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முருகையன் ஒன் வயசுல ரெண்டு மூட்ட சேத்துத் தூக்குவான்டா. நான் பாத்திருக்கேன்."

வினோத் எழுந்து போய் டீக்குக் காசு கொடுத்தான். அன்றைக்கு எல்லோருடைய டீக்கும் அவனே கொடுத்தான்.

மறுநாள் காலையில் யாரும் அட்டையை வாங்கவில்லை. மூட்டையும் தூக்கவில்லை. லாரிகள் வந்து வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கி வேப்பமரத்தடியில் சீட்டு விளையாட ஆரம்பித்தார்கள்.

கடல் செய்த கல்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "தம்பி, நீங்கள் எந்தக் கட்சி?" இடையில் அவருக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர். சின்ன வயதில் எனக்கு விளையாட அவர் கொண்டுவந்தது கல்லாகிப் போன சிப்பிகள். திருமானூர்ப் பக்கத்து எங்கள் வீட்டுக் கூரைக்கு அடியில் ஒரு சட்டி நிறைய இருந்தன. அரியலூர் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, அது எனக்கு வீட்டுச் சமாசாரமாகத்தான் பட்டது.

வளர்ந்தபின் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கல்லைக் கடல் செய்தது. உடைத்தது அப்பா. சுட்டது, அரைத்தது, மூட்டை பிடித்தது எங்களைப் போன்றவர்கள். ஏற்றினது நான். இதில் முதலாளி எந்த இடத்தில் வருகிறார்? ஒரு காகிதத்தில் வருகிறார். அந்தக் காகிதத்துக்குக் காவலாக போலீஸ் வருகிறது, கோர்ட் வருகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு ஆள் வருகிறது. எவர் வந்தாலும் காகிதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கல்லூரியில் திருச்சி நண்பர் ஒருவர் கொடுத்த ஜெராக்ஸ் புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. மூன்று பேர் சேர்ந்து படித்தோம். ஒருவன் பாதியில் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதப் போய்விட்டான். செலக்ட்டும் ஆகிவிட்டான். இப்போதும் பார்த்தால் "என்னடா, அரசாங்கத்த ஒழிச்சிட்டியா?" என்று கேட்பான். "நீ ரிட்டயர் ஆவறதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்பேன்.

நான் நம்புவது இது. நிலமும் சுரங்கமும் ஆலையும் அங்கே உழைக்கிறவர்களுக்கும் அதைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். முடிந்ததைச் செய்வது, தேவையானதை எடுத்துக்கொள்வது. கூலி என்ற ஏற்பாடே ஒருநாள் போக வேண்டும். ஒருவர் நேரத்தை இன்னொருவர் விலைக்கு வாங்குகிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் நடுவில் சண்டை இருந்துகொண்டேதான் இருக்கும். நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்று அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலாளி போய் அந்த நாற்காலியில் அரசாங்கம் உட்கார்ந்தால் மூட்டையின் கனம் குறையாது. அதனால் நாற்காலியே வேண்டாம் என்கிறவன் நான். இதற்குப் பெயர் அராஜகவாதம். தமிழில் அராஜகம் என்றால் உடனே அடிதடி, கல்வீச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை கல்லெறிவதை விடக் கஷ்டமானது, பதினேழு பேர் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வருவது. மேலே ஆள் வைத்துக்கொள்ளாமல் சேர்ந்து வாழப் பழக வேண்டும் என்றால், சேர்ந்து போராடும்போதே அப்படிப் பழக வேண்டும். நாளைக்குத் தலைவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்றைக்கு ஒரு தலைவர் பின்னால் போக எனக்கு மனசு ஒப்பவில்லை.

சிவப்புத் துண்டுக்கார அண்ணன் ஒருவர், தோழர் நடேசன், வேலை நின்ற மறுநாளே எங்களைத் தேடி வந்தார். நேர்மையான மனுஷர். "தலைமை இல்லாம எப்படித் தம்பி? நாளைக்கு ஒரு பேச்சுவார்த்தைன்னா யாரு பேசுவா, யாரு கையெழுத்துப் போடுவா?"

அவருக்கு வினோத்தான் பதில் சொன்னான். "பக்கத்துக் குடோன்ல தலைவரா இருந்தவருதான் அண்ணே இப்ப அங்க மேஸ்திரி."

நடேசன் அதற்குக் கோபப்படவில்லை. "அந்த ஆளு எங்க சங்கந்தான்" என்று தலையைச் சொறிந்தார். அன்று சாயங்காலமே ஒரு சிப்பம் அரிசி அனுப்பி வைத்தார். அதைக் குடோன் வாசலில் ஒரே தவலையில் பொங்கி, இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்து சாப்பிட்டோம். அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டவனுக்கு வீட்டில் திட்டு விழுந்ததாகக் கேள்வி.

கேட்டுட்டு வரேங்க

சமரசப் பேச்சுக்கு வரச்சொல்லி அதிகாரி கூப்பிட்ட நாள், முறைப்படி சன்னாசி அண்ணனுடைய நாளாக அமைந்தது. போலீஸ்காரரைப் பார்த்தாலே எச்சில் விழுங்குகிற ஆள்.

"டிகிரிய அனுப்புங்கடா. என்னால ஆவாது" என்று பஸ்ஸிலேயே கெஞ்சினார்.

"ஆமா, டிகிரி பேசட்டும்" என்றார்கள் நாலைந்து பேர்.

எனக்கும் ஆசைதான். பேச வேண்டியதை மனசுக்குள் உருப்போட்டே வைத்திருந்தேன். ஆனால் நன்றாகப் பேசுகிறவனே எப்போதும் பேசினால் நாலு மாதத்தில் அவன்தான் தலைவர். "முறைன்னா முறைதான்" என்றேன். விவரம் தெரிந்தவர்கள் யாரும் இப்படி ஒரு காரியம் செய்ய மாட்டார்கள். வாயே திறக்காத ஆளைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினோம்.

பஸ் நிற்பதற்குள் அவருக்கு இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். பணம் பழையபடி மொத்தமாக வரவேண்டும். முருகையன் மாமா பெயர் போகக் கூடாது. இதைத் தாண்டி அவர்கள் என்ன சொன்னாலும் அவர் தன் இஷ்டத்துக்குத் தலையாட்டக் கூடாது, இறங்கி வந்து எங்களைக் கேட்க வேண்டும்.

உள்ளே போன ஐந்தாவது நிமிஷத்திலேயே இறங்கி வந்தார். "மூட்டைக்குக் கூலி ஏத்தித் தராங்களாம். அட்டைய ஒத்துக்கணுமாம்."

பேசினோம். வேண்டாம் என்றோம். ஏறிப் போனார்.

மறுபடி இறங்கி வந்தார். இந்த முறை உட்கார்ந்துகொண்டார். "முருகையனுக்குக் கருணையா ஒரு தொக, ஒரே தடவையா குடுத்துடறாங்களாம். அதோட அவன் பேர எடுத்துடணும்னு."

இதற்கு எங்களால் உடனே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பணம் அவருக்கு வருவது. நாங்கள் யார் மறுக்க? போன் போட்டோம். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"வாங்கிக்கங்கடா. என் ஒருத்தனுக்காக எல்லாரு பொழப்பும் போவணுமா? நான் செத்தவன்னு நெனச்சிக்கங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. மாமி. "அவரு சொல்றத வுடுங்க தம்பி. படுத்தே கெடக்குறாரு, அப்படித்தான் பேசுவாரு. அந்தக் காசு ஆறு மாசத்துக்கு வரும். அதுக்கப்புறம் நாங்க எங்க போயி நிக்கிறது? பங்குன்னா பங்கு குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. கருணையெல்லாம் வேணாம்."

சன்னாசி அண்ணன் எழுந்தார். "வேணாம்னு சொல்லிடறேன்."

உள்ளேயிருந்து அதிகாரியின் குரல் படிவரைக்கும் கேட்டது. நடுத்தர வயதுப் பெண்மணி. குரலில் சிரிப்பும் அலுப்பும் கலந்திருந்தன.

"ஏங்க, நீங்க எத்தன தடவ படி ஏறி எறங்குவீங்க? நான் உங்ககிட்ட பேசறனா, இல்ல பதினேழு பேர்கிட்ட பேசறனா?"

"பதினேழு பேர்கிட்டத்தாங்க மேடம். நான் படி மட்டுந்தான் ஏறுறேன்."

காண்ட்ராக்டரே வெளியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். படியில் உட்கார்ந்திருந்த எங்களை ஒரு பார்வை பார்த்தார். "டேய், இது என்னங்கடா வெளாட்டு? நாளைலேருந்து பெல்ட் மெஷின் போடறேன். கூட்டுற பொம்பளைங்க அஞ்சு பேரு போதும், மூட்டையப் புடிச்சு வச்சா அதுவே ஏத்திக்கும். நீங்க இங்கயே படிக்கட்டுல குடித்தனம் பண்ணுங்க."

அவர் உள்ளே போய்விட்டார். அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். நடந்தால் அட்டையும் இல்லை, பங்கும் இல்லை. முருகையன் மாமாவோடு சேர்ந்து நாங்களும் வெளியே.

பாக்கியம் அக்கா வந்தது

தெருவில் டவுன் பஸ் வந்து நின்றதைக் கடைசிப் படியிலிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். பாக்கியம் அக்கா இறங்கினார். பின்னாலேயே மற்ற நாலு பேர். வேலைக்கு வந்த கோலத்திலேயே, புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் கட்டிய துண்டு, கண்ணிமையெல்லாம் சாம்பல் நிறம்.

"என்ன, எல்லாரும் இங்க வரிசையா ஒக்காந்திருக்கீங்க? கல்யாண வூடா? எங்களுக்குப் பத்திரிக்க வைக்கலியே."

வினோத் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினான்.

"காலைல பாலு வந்தாப்ல. நாளைலேருந்து மெஷின் வருது, நீங்கதான் ஏத்தணும்னாப்ல. கூலி எவ்வளவுன்னு கேட்டேன். இப்ப வாங்கறதுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தரேன்னாரு. அப்பவும் நீங்க வாங்கறதுல பாதிதான் வருது. ஏத்தட்டுமா, வேணாமா? கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

"ஏத்தாதீங்கக்கா" என்றான் வினோத் அவசரமாக.

"ஏன்?"

"ஏத்துனா நாங்க காலி. முருகையன் மாமா காலி."

பாக்கியம் அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "முருகையன் நல்ல மனுசன்தான். ஆனா எனக்குப் போன மழைக்கு ஈரச் சிமெண்ட்டு பட்டுக் கை ரெண்டும் வெந்து போச்சே, ரெண்டு மாசம் வேலைக்கு வரலியே. அப்ப எனக்கு எவன் பங்கு குடுத்தான்? ஒரே குடோனு, ஒரே தூசி. நீங்க ஏத்துறது வேலை, நாங்க அள்றது வேலை இல்லியா?"

"அக்கா, அது காண்ட்ராக்டர் குடுக்கற தெனக்கூலி. எங்க பங்கு வேற..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"அதத்தான் கேக்கறேன். வேறன்னா வேறதான். நாங்க போயி ஏத்துறோம். எங்க வூட்லயும் அடுப்பு எரியணும்ல? ஒண்ணுன்னா ஒண்ணு. எங்களயும் சேத்துப் பிரிங்க. அப்ப அந்த மெஷின எவன் வந்து ஓட்டுறான்னு பாப்போம்."

உரக்கடைக்காரர்கூட வெளியே வந்து நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நடந்ததைப் பேச்சு என்று சொல்ல முடியாது. ஒரே இரைச்சல். "பொம்பளைங்க மூட்டையா தூக்கறாங்க?" என்றார் ஒருவர். "முருகையன் இப்ப மூட்டையா தூக்கறாரு?" என்றேன் நான். "வூட்ல போயி என்னடா சொல்றது?" என்றார் இன்னொருவர். வினோத் போனை எடுத்து, இருபத்துமூன்றாகப் பிரித்தால் எவ்வளவு குறையும் என்று கணக்குத் தட்டினான். தட்டிவிட்டு எழவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"எவ்வளவுடா?" என்றார்கள்.

"கேக்காதீங்க" என்றான்.

நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நீளமாக எல்லாம் பேசவில்லை. முருகையன் மாமாவுக்குக் கொடுப்பதை நாம் தர்மம் என்று நினைக்கிறோமா, அவருடைய உரிமை என்று நினைக்கிறோமா? உரிமை என்றால் அது தூசி தின்கிற எல்லோருக்கும் வரும், ஆம்பளைக்கு மட்டும் வராது. இதைத்தான் கேட்டேன். கேட்கும்போது என் பங்கும் குறையப்போவது எனக்கும் வலித்தது.

எங்களிடம் கைதூக்கி எண்ணுகிற பழக்கம் இல்லை. முறை வரிசையில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவர் 'சரி' என்றார். அடுத்தவர் நெடுநேரம் தெருவைப் பார்த்துவிட்டு 'சரி' என்றார். ஒருவர், "எனக்குப் புடிக்கல. ஆனா எதுத்து நிக்கல" என்றார். அதுவும் எங்கள் வழக்கத்தில் உண்டு. கடைசியாக வினோத்.

"பாக்கியக்கா, நீ சண்டைக்காரி."

"தெரியுமில்ல? சொல்லு."

"நாசமாப் போங்க எல்லாரும். சரி."

சன்னாசி அண்ணன் ஏறிப் போனார். இந்தத் தடவை அவர் குரல் எங்களுக்கே கேட்டது. "நாங்க இருவத்திமூணு பேருங்க. அஞ்சு பொம்பளைங்களும் முருகையனும் சேத்து. மெஷினுக்கு யாரும் வரலீங்க. அவங்க தெனக்கூலியயும் எங்க கூலியோட ஒண்ணாப் போட்டு மொத்தமாக் குடுங்க. யாரு யாருக்கு எவ்வளவுங்கறத நாங்க பாத்துக்கறோம்."

அறைக்குள் காண்ட்ராக்டரின் போன் விடாமல் அடித்தது. ஆலையிலிருந்து. லாரிகள் நாலு நாளாக ரோட்டை மறித்து நிற்கின்றன. அவர் கையை விட்டு ஒரு ரூபாய்கூட அதிகமாகப் போகவில்லை என்பதை அதிகாரி அவருக்கு இரண்டு முறை எடுத்துச் சொன்னார். அட்டையும் மெஷினும் அன்றைக்கு அப்படியே நின்றன.

ஒப்பந்தம் டைப் ஆகி வந்தது. கீழே 'தொழிலாளர் தலைவர்' என்று ஒரே ஒரு கோடு.

"இதுல போட எங்ககிட்ட ஆள் கிடையாதுங்க மேடம்" என்றார் சன்னாசி அண்ணன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். ஸ்கேல் வைத்து அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தார். "எல்லாரும் மேல வாங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க, தரையெல்லாம் சிமெண்ட்டாயிடும்."

இருபத்திரண்டு பேரும் போட்டோம். இடம் போதாமல் ஓரத்திலும் பின்பக்கத்திலும் போட்டோம். சிலர் கைநாட்டு. மாமாவின் இடத்தை விட்டுவைத்தோம். பிறகு பாலுவே கீழப்பழுவூர் போய் அவரிடம் வாங்கி வரும்படி ஆயிற்று. படுத்தபடியே போட்டாராம்.

ஆன செலவு

இதைப் புரட்சி என்று நான் எழுதப் போவதில்லை. காண்ட்ராக்டர் இருக்கிறார். ஆலை இருக்கிறது. கூலி என்ற ஏற்பாடும் அப்படியே இருக்கிறது. அந்தப் பெல்ட் மெஷின் இன்னும் குடோன் மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. என்றைக்காவது அதை எடுப்பார்கள், அன்றைக்கு மறுபடி பேச வேண்டியிருக்கும். ஆனால் மேலே ஒருவர் இல்லாமல் ஆட்கள் முடிவெடுக்க முடியுமா, பகிர்ந்துகொள்ள முடியுமா என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த உரக்கடை மாடிப்படியைத்தான் சொல்வேன்.

முறைச் சுற்றில் பாக்கியம் அக்காவும் மற்ற நாலு பேரும் சேர்ந்தார்கள். அவர்களுடைய வரும்படி இரட்டிப்பானது. பாக்கியம் அக்கா முதன்முதலாக மொத்தக் கூலியை வாங்கிவந்த சாயங்காலம், குடோன் வாசலில் வைத்து இருபத்துமூன்றாகப் பிரித்தார். முருகையன் மாமாவின் பங்கை அவரே கீழப்பழுவூர் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மூத்த பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

வேலை நின்ற நாட்களின் நஷ்டத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்றி ஈடுகட்டினோம். நடேசன் அண்ணன் அரிசிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் படியில் 'சரி' என்று சொன்னதற்கான செலவு மட்டும் இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் எங்கள் பழைய பங்கிலிருந்து போகிறது. வினோத் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டேதான் வாங்குகிறான்.

ஆளுக்கு, ஒரு நாளைக்கு, தொண்ணூற்றெட்டு ரூபாய்.